தெளிந்த நீரில் தூண்டில்

'குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது' என்பது நம் மொழியில் ஒரு பழிச்சொல். ஊர்க் குழப்பத்தில் தனக்கு ஆதாயம் தேடுகிறவனை அச்சொல்லால் சுட்டுகிறோம். கோடையில் நீர் வற்றிய குட்டையில் இறங்கிச் சேற்றைக் கலக்கினால் மூச்சு முட்டி மீன்கள் மேலெழும், கையாலேயே அள்ளிவிடலாம். மீனின் கண்ணை மறைத்துவிட்டு மீனைக் கவர்வதால்தான் அச்செயல் பழிக்கு உவமையாயிற்று போலும். இதற்கு நேர்மாறான செயலும் உண்டு. மீன் நம்மைக் காணக்கூடிய தெளிந்த நீரில், அதனோடு எதிர்நின்று தூண்டில் வீசுவதே அது. அதற்கு நம்மிடம் வழக்குத்தொடர் ஏதுமில்லை.

அத்தகைய மீன்பிடிப்பை 2024ஆம் ஆண்டின் இளவேனிலில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நாங்கள் கண்டோம். அது எங்களுக்கு மகிழ்ச்சியையும் மனக்கலக்கத்தையும் ஒருங்கே தந்தது. அவ்விரண்டையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் என்பது கணவனும் மனைவியுமாகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர். எங்களுள் ஒருவர் தாமிரபரணிக் கரையில் உழவர் குடியில் பிறந்தவர். மற்றவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரில், வள்ளத்தில் கடலுக்குச் சென்ற தந்தைக்கு மகளாகப் பிறந்தவர். அவருடைய இளமையில் மீன் என்பது பொழுதுபோக்கன்று. விடியலில் பாடு கிடைத்தால் உலையில் அரிசி விழும். கிடைக்காவிடில் கடன்காரர் வாசலுக்கு வருவார். இந்த நினைவோடு வளர்ந்த ஒருவரும், மீனைச் சந்தையில் மட்டுமே அறிந்த ஒருவருமாக, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள லா கிராஸ் நகரில் பணிபுரியும் எங்கள் மகன் வீட்டில் ஆறு திங்கள் தங்கினோம்.

சென்றிறங்கியபோது தவக்காலம். அந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் பொரித்து உண்பது ஊர்ப் பொதுவழக்கம். தவக்காலத்தில் பங்கு மன்றங்களிலும் நீண்ட வரிசை நிற்கிறது. தட்டில் வைக்கப்பட்ட மீன் காட் எனும் கடல் மீன். கடலிலிருந்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் ஊரில் கடல் மீனை உண்ணுகிறீர்களே, உங்கள் ஓடைகளில் மீன் இல்லையா என்று மேசையில் எதிரே அமர்ந்திருந்த பெரியவரிடம் கேட்டோம். அவர் எங்கள் மகனின் பக்கத்து வீட்டுக்காரர், எழுபத்தெட்டு வயது, பால்மாடு வளர்த்து ஓய்ந்த உழவர். "நிறைய இருக்கிறது. இப்போது பிடிக்கலாம், ஆனால் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, பனி உருகி முடிந்ததும் அழைத்துச் செல்வதாக வாக்களித்தார்.

பனி தீண்டாத நிலம்

விஸ்கான்சினின் தென்மேற்கும் அதை அடுத்த மின்னசோட்டா, அயோவா, இல்லினாய் மாநிலங்களின் ஓரங்களும் சேர்ந்த ஒரு நிலப்பகுதி உண்டு. பனியூழிக் காலத்தில் வட அமெரிக்காவின் வடபகுதியை மைல் கணக்கான தடிப்புள்ள பனிப்பாளங்கள் மூடி, மலைகளைத் தேய்த்துச் சமதளமாக்கின. அண்டை நிலங்களையெல்லாம் அரைத்த பனிப்பாளம் இந்தப் பகுதியை மட்டும் சுற்றிக்கொண்டு போயிற்று. ஆகையால் இங்கே குன்றுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் பழைய வடிவிலேயே நிற்கின்றன. பள்ளத்தாக்கை இவ்வூரார் 'கூலி' என்பர். நாம் உழைத்துப் பெறும் கூலி அன்று; ஒழுகுதல் எனும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது.

குன்றுகளின் உள்ளே சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகளில் இறங்கி, நெடுங்காலம் உள்ளேயே உலவி, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிப்படுகின்றன. ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 9 அல்லது 10 பாகை செல்சியசு. எனவே கடுங்குளிரில் ஓடை முழுதும் உறைவதில்லை, கோடையில் கொதிப்பதுமில்லை. குளிர்ந்த, தூய, உயிர்வளி நிறைந்த நீரையன்றி வேறெதிலும் வாழவியலாத டிரவுட் மீனுக்கு இது தாய்வீடு.

2023-24ஆம் குளிர்காலம் விஸ்கான்சினின் பதிவுகளிலேயே மிகவும் வெப்பமானது. பனி குறைவாகப் பெய்ததால், மார்ச்சு இறுதியில் ஓடைகளில் வெள்ளம் புரளவில்லை. ஊற்றுகள் ஈந்த நீர் மட்டுமே ஓடிற்று. பெரியவர் எங்களை டிம்பர் கூலி எனும் ஓடைக்கு அழைத்துச் சென்றார். பல இடங்களில் முழங்கால் ஆழமே இருந்தது. அகலம் நம் தெருவின் அகலம். அடியிலிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. கரைப் புல்லும் உயரவில்லை. ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாத வெட்டவெளியில் நீர் கண்ணாடியாகக் கிடந்தது. "இதுதான் மிகக் கடினமான நாள்" என்றார் பெரியவர். மீன் கண்ணுக்குத் தெரியும் நாள் எளிதான நாளாகத்தானே இருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணினோம். மீனுக்கு நாம் தெரிவதை அவர் கணக்கில் கொண்டிருந்தார்.

மீனின் பலகணி

நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டப் பலகணி வழியாகவே தெரிகிறது. ஒளி நீரினுள் நுழையும்போது வளைவதால் நேர்வது இது. அப்பார்வைக் கூம்பின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குப் பலகணியின் குறுக்களவு இரண்டேகால் அடி; ஆழம் கூடக்கூட வட்டமும் விரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்புறம் ஆடியாகி, ஓடையின் தரையையே திருப்பிக் காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவனின் உருவம் பலகணியின் விளிம்பில் தோன்றிவிடும். குனிந்து மண்டியிடுபவன் விளிம்போடு நசுங்கி ஏறக்குறைய மறைந்துபோவான். மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகையால் கீழ்ப்புறத்திலிருந்து, அதன் வாலுக்குப் பின்னே அணுக வேண்டும். அப்போதும் நிழல் முன்னே விழலாகாது. காலடி அதிரலாகாது, உடலின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் மீன் அதிர்வை அறிந்துவிடும்.

எழுபத்தெட்டு வயது மனிதர் ஈரப்புல்லில் முழங்காலிட்டு, அடியடியாக ஊர்ந்து செல்வதைக் கண்டோம். ஐம்பது அடி கடக்க அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று.

அவர் கையிலிருந்தது எட்டரை அடி நீளமுள்ள மெல்லிய தூண்டிற்கோல். நம் தூண்டிலில் இரையின் கனமோ ஈயக்குண்டின் கனமோ நூலை இழுத்துச் செல்லும். இங்கே இரைக்குக் கனமே இல்லை. ஆதலால் கனம் நூலில் ஏற்றப்பட்டிருக்கிறது. கோலை முன்னும் பின்னும் அசைத்தால் நூல் காற்றில் சுருள் விரித்துச் சென்று விழுகிறது. நூலின் முனையில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு மெலிந்துகொண்டே போகும் ஓர் இழை. அதன் கடைசிப் பகுதி தலைமயிர் அளவே தடிப்புள்ளது. அதன் நுனியில் செயற்கை ஈ. கோழிச்சிறகின் இழையும் பட்டுநூலும் மென்மயிரும் கொண்டு முள்ளின்மேல் கட்டப்பட்டது, நெல்மணியினும் சிறியது. எங்களுள் கடற்கரையில் பிறந்தவருக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. குமரிக் கடற்கரையில் மின்னும் இழைகளை முள்ளில் கட்டி, உயிர் இரையின்றிக் கடல் மீனை ஏமாற்றும் வழக்கம் உண்டு. கடலில் அவ்விழை கைவிரல் அளவு. இங்கே ஒரு புள்ளி. அவ்வளவே வேறுபாடு.

அந்தப் புள்ளி எதைப் போலச் செய்யப்பட்டது? சாம்பல்நீலச் சிறகும் ஆலிவ் நிற உடலும் கொண்ட ஒரு சிறு பூச்சியை. மாதக்கணக்கில் அது புழுவடிவில் நீருக்கடியில் கற்களினிடையே வாழும். ஏப்ரல் திங்களில், மேகம் மூடிய பிற்பகலில், நீர்ப்பரப்புக்கு எழும்பி, தோலுரித்துச் சிறகு விரித்துப் பறக்கும். பறந்த பின்னும் ஒருமுறை தோலுரிக்கும்; சிறகு முளைத்தபின் தோலுரிக்கும் பூச்சிக்குலம் உலகில் இது ஒன்றே. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. இணைந்து முட்டையிட்டு ஓரிரு நாளில் மடியும். நம் ஊரில் மழைக்கு மறுநாள் விளக்கைச் சுற்றும் ஈசலை எண்ணிக்கொள்ளலாம். சிறகு உலரும்வரை அது படகுபோல் நீரில் மிதந்து வரும் சில நொடிகளே டிரவுட்டுக்கு விருந்து.

செயற்கை ஈ உண்மை ஈயைப் போலவே நீரோட்டத்தின் வேகத்தில், தன்னிச்சையாக மிதந்து வர வேண்டும். நூல் ஓர் இம்மி இழுத்தாலும் ஈயின் பின்னே சிறு கோடு விழும்; தெளிந்த நீரில் அக்கோட்டைக் காணும் மீன் விலகிவிடும். கலங்கிய நீரில் இத்தனை நுணுக்கம் வேண்டியதில்லை. தாழ்ந்து தெளிந்த நீரோ மனிதனின் ஒவ்வொரு அவசரத்தையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அன்று முதலில் மீனைக் கண்டது பெரியவரன்று. கடற்கரையில் பிறந்த எங்களுள் ஒருவர். "அந்தக் கல்லின் நிழல் அசைகிறது, பாருங்கள்" என்றார். கல்லுக்கு நிழல் அசைவதில்லை. தந்தையோடு கரையில் நின்று, நீரின் நிறம் பார்த்து மீன்கூட்டம் கண்டறிந்த கண்கள் அவை. பெரியவர் நெடுநேரம் உற்றுநோக்கி, பின்பு தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்தார்.

விடுவிக்கப்பட்ட மீன்

மூன்றாம் வீச்சில் மீன் எழுந்தது. ஓசையின்றி ஒரு வளையம், கோல் வளைந்தது. இரண்டு நிமிடத்தில் அவர் அதைக் கைவலையில் ஏந்தினார். பன்னிரண்டு அங்குலம் இருக்கும். வெண்ணெய் நிற வயிறு, பழுப்பு முதுகு, கரும்புள்ளிகள், இடையிடையே வெண்வளையம் சூழ்ந்த செம்புள்ளிகள். கையை நீரில் நனைத்துக்கொண்டே அவர் அதைத் தொட்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேற்பூச்சு கெடும். முள் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்க்கூரை முன்பே குறடால் நசுக்கியிருந்ததால், முள் எளிதில் வந்தது. மீனை நீருக்கு மேலே எடுக்காமல், நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்துப் பிடித்திருந்தார். அது வாலை ஒருமுறை அசைத்துக் கல்லடியில் மறைந்தது.

அங்குள்ள சட்டம் அப்படி. ஜனவரி முதல் சனிக்கிழமையிலிருந்து மே முதல் சனிக்கிழமைக்கு முந்தைய நாள்வரை டிரவுட் பிடிப்பவர் செயற்கை இரையால் பிடித்து, எல்லாவற்றையும் உயிரோடு விட்டுவிட வேண்டும். அதன்பின் வரும் பருவத்தில் வரம்புக்கு உட்பட்டு எடுத்துச் செல்லலாம்.

வீடு திரும்பும் வழியில் எங்களிடையே பேச்சில்லை. இரவு உணவுக்குப்பின் எங்களுள் ஒருவர் கேட்டார்: "உண்ணாத மீனுக்கு முள் எதற்கு? என் அப்பா பிடித்த மீனெல்லாம் செத்தது. ஆனால் ஒன்றாவது விளையாட்டுக்குச் செத்ததில்லை." மற்றவர், மீன் உயிரோடுதானே போயிற்று, கொல்லாமல் விடுவது கொல்வதைவிட நன்றல்லவா என்றார். அக்கேள்விக்கு எளிய விடை இல்லை என்பதைப் பின்னர் படித்தறிந்தோம்.

எடின்பரோவுக்கு அருகிலுள்ள ரோஸ்லின் ஆய்வகத்தில் லின் ஸ்னெடனும் அவருடைய துணையாய்வாளர்களும் டிரவுட்டின் தலையில் ஊறுணர் நரம்பு முனைகள் இருப்பதை 2003இல் வெளியிட்டனர். உதட்டில் எரிச்சலூட்டும் பொருள் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளையில் தேய்த்தன. இரை எடுக்கவும் தாமதித்தன. இதை வலி என்று சொல்வதா, நரம்பின் எதிர்வினை மட்டும் என்பதா என்று அறிவியலார் இன்றும் வாதிடுகின்றனர். சட்டங்களும் ஒத்துப்போகவில்லை. நியாயமான காரணமின்றி விலங்குக்கு வலி தருவதை ஜெர்மனியின் சட்டம் தடுக்கிறது. அதனால் விடுவிக்கும் எண்ணத்தோடே மீன் பிடிப்பது அங்கே பொதுவாகக் குற்றமாகக் கருதப்படுகிறது. ஒரு நாட்டில் விடாவிட்டால் தண்டனை. மற்றொரு நாட்டில் விடுவதற்கென்றே பிடித்தால் தண்டனை.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. பெரியவர் விடுவித்த அந்தப் பழுப்பு டிரவுட் அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. பிரீட்ரிக் பான் பேர் என்பவர் ஜெர்மனியிலிருந்து அனுப்பிய முட்டைகளாக 1883இல் நியூயார்க்கில் வந்திறங்கிய குடியின் வழிவந்தது. அவ்வோடைகளின் பழங்குடி புரூக் டிரவுட் எனப்படும் வேறொன்று. இன்று ஊற்றுக்கண்களுக்கு அருகிலேயே அது பெரிதும் காணப்படுகிறது. நம் நீலகிரிக்கும் டிரவுட் இப்படித்தான் வந்தது. 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணை அமைத்து வென்றார். நாங்கள் நின்ற ஓடைக்குச் சில மைல் தொலைவில், கிக்கப்பூ ஆற்றின் மேற்குக் கிளைமேல், டிரவுட்டுக்குப் புகழ்பெற்ற ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயரும் அவலாஞ்சியே. வழிகாட்டிப் பலகையில் அப்பெயரைக் கண்டபோது உதகையில் இருப்பதுபோல் ஒரு மயக்கம் எழுந்தது.

சேறு தெளிந்த கதை

எங்கள் ஐயத்தைப் பெரியவரிடமே சொன்னோம். அவர் சினங்கொள்ளவில்லை. "வலிக்குமா என்று எனக்குத் தெரியாது. வலிக்காது என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை" என்றார். ஆண்டுக்கு இரண்டு மீன் மட்டும் மே மாதத்தில் எடுத்து, தாமும் மனைவியும் வெண்ணெயில் பொரித்து உண்பதாகவும் சொன்னார். பிறகு எங்களை ஒரு குன்றின்மேல் நிறுத்திப் பள்ளத்தாக்கைக் காட்டினார். "இந்த மீன் இங்கே இருப்பது விட்டுவிட்டதால் மட்டுமன்று" என்று தொடங்கி அவர் சொன்ன செய்திகளை நூலகத்தில் சரிபார்த்தே இங்கு எழுதுகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இப்பள்ளத்தாக்குகளில் குடியேறியவர்கள், அவர்களுள் நார்வே நாட்டவர் பலர், செங்குத்தான சரிவுகளையும் உழுதனர். மேல்காடுகளில் மாடுகளை மேய விட்டனர். வேர் பிடிப்பு இழந்த மண் ஒவ்வொரு மழையிலும் கீழே வந்தது. 1930 வாக்கில் வயல்களில் ஆள் உயரத்தினும் ஆழமான நீரரிப்புப் பள்ளங்கள், வாய்க்காலெல்லாம் சேறு, வேலிக்கம்பங்களும் பாலங்களும் புதைந்தன. ஊற்றுகள் வற்றின. ஓடைகள் அகன்று, ஆழமிழந்து, வெப்பமேறின. குழம்பிய குட்டை என்பது அங்கே உவமையன்று. ஒரு நாட்டுப்புறமே குழம்பிய குட்டையாகிக் கிடந்தது.

1933இல், கூன் பள்ளத்தாக்கை அந்நாட்டின் முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்பு முன்மாதிரியாக நடுவண் அரசு தேர்ந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்டு ஆலோசகருள் ஒருவர்; அம்முயற்சியைப் பற்றி 1935இல் ஒரு கட்டுரையும் எழுதினார். நானூறுக்கும் மேற்பட்ட உழவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். சரிவுக்கு நேராக உழாமல், குன்றின் வளைவை ஒட்டிப் பட்டை பட்டையாகப் பயிரிட வேண்டும். செங்குத்துச் சரிவுகளில் மாடு ஏறலாகாது. அங்கே மரம் வளர வேண்டும். வேலியையும் விதையையும் சுண்ணாம்பையும் கூலியாட்களையும் அரசு தந்தது. ஆனால் மேய்ச்சல் நிலத்தை விட்டுக்கொடுத்தவர் உழவரே. பெருமந்தக் காலம், பால்விலை வீழ்ந்திருந்தது, வீட்டில் பிள்ளைகள். அந்நிலையில் ஒருவன் தன் மாட்டைத் தன் காட்டிலிருந்தே வெளியேற்றுவது எளிய செயலன்று. பெரியவரின் பாட்டனார் கையொப்பமிட்டவருள் ஒருவர். "பாட்டி ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம்" என்றார் பெரியவர்.

அதன் பயன் உடனே விளையவில்லை. சரிவுகளில் மரம் அடர்ந்து, மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, ஊற்றுகள் மீள ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. ஸ்டான்லி டிரிம்பிள் எனும் புவியியலாளர் 1999இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் 1930களில் இருந்ததில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்காகக் குறைந்துவிட்டது. நாங்கள் எண்ணிப் பார்த்த கூழாங்கற்கள் அவ்வளவு நாள் சேற்றுக்கடியில் கிடந்தவை.

கதை அத்தோடு முற்றுப்பெறவில்லை. 2018 ஆகஸ்டு இறுதியில் பெய்த பெருமழையில் கூன் ஓடையிலும் கிக்கப்பூவின் மேற்குக் கிளையிலும் வெள்ளத்தடுப்புக்கெனக் கட்டப்பட்ட ஐந்து சிறு அணைகள் ஒரே இரவில் உடைந்தன. மழை முன்போல் பெய்வதில்லை. பால்பண்ணைகள் மூடப்பட்டு, புல்நிலங்கள் சோளமும் சோயாவும் பயிராகும் வயல்களாக மாறி வருகின்றன என்று பெரியவர் வருந்தினார். பாட்டனார் விட்டுக்கொடுத்ததைப் பேரன்மார் திரும்ப எடுத்துக்கொண்டால் ஓடை மீண்டும் கலங்கும்.

விட்டுக்கொடுப்பின் விலை

ஏப்ரல் 15ஆம் நாள் எங்கள் கைப்பேசி ஒலித்தது. விசைப்படகில் பங்குக்குப் போகும் எங்கள் உறவினர், கடற்கரையில் பிறந்தவருக்குத் தம்பி, தூத்துக்குடியிலிருந்து பேசினார். "படகையெல்லாம் கட்டியாச்சு அக்கா. இனி ரெண்டு மாசம் வலையைச் சரிபார்க்க வேண்டியதுதான்" என்றார். நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாளாக இருந்தது 2017இலிருந்து 61 நாளாயிற்று. மீன்கள் சினைகொண்டு பெருகட்டும் என்பதற்காக. அரசு ஒரு நிவாரணத் தொகை தருகிறது. அது அறுபத்தொரு நாள் உலைக்குப் போதாது என்பதைக் கடற்கரையில் அறியாதார் இல்லை.

அன்றிரவு எங்கள் பேச்சு வேறு தடத்தில் சென்றது. பிடித்த மீனை விடுவிக்கும் தூண்டிற்காரர் எதை இழக்கிறார்? ஒருவேளைக் கறியை. அவருடைய குளிர்ப்பெட்டியில் வேறு கறி இருக்கிறது. மீனோ சிறிது வலியையும் சிறிது வலிமையையும் இழக்கிறது. மாட்டை மலையிலிருந்து இறக்கிய உழவர் பாலை இழந்தார். வீட்டில் பேச்சையும் சில நாள் இழந்தார். படகைக் கட்டிவிட்டுக் கரையில் அமரும் எங்கள் தம்பி இரண்டு மாத வருவாயை இழக்கிறார். மூன்றும் விட்டுக்கொடுத்தலே, ஆனால் மூன்றுக்கும் விலை ஒன்றன்று. ஓடைக்கரையில் மீனை முத்தமிட்டு விடுவித்துப் படம் எடுத்துக்கொள்வோர் நீர்வளம் காத்த பெருமையைத் தமதாக்கிக்கொள்வர். நீரைத் தெளியவைத்தவர்களோ படத்தில் இல்லை. இயற்கையைக் காத்தவர் யார் என்று கேட்கும்போது, யார் விலை கொடுத்தார் என்று கேட்பதே நேர்மை என்று எங்களுக்குத் தோன்றியது.

எனினும் தூண்டிற்காரரை முற்றிலும் குறைசொல்லவும் மனம் ஒப்பவில்லை. அவர்கள் கட்டும் உரிமக் கட்டணமும் டிரவுட்டுக்கென வாங்கும் தனி முத்திரையின் பணமும் ஓடைச் சீரமைப்புக்குச் செல்கின்றன. மேலும், ஒரு சிறு பூச்சி எந்தப் பிற்பகலில் சிறகு விரிக்கும் என்பதை அறிய ஒருவர் நாற்பது ஆண்டு ஓடைக்கரையில் முழங்காலிட்டிருக்கிறார் என்றால், அந்த ஓடை கலங்கும்போது முதலில் கவலைகொள்பவரும் அவராகவே இருப்பார். அன்பு கொண்ட கண்ணே முதலில் சேற்றைக் காணும்.

எங்களுள் ஒருவர் பெரியவரிடம் வீசக் கற்றுக்கொண்டு, ஏப்ரல் முழுவதும் வாரம் ஒருமுறை சென்றுவந்தார். இரண்டு சிறு மீன்களைப் பிடித்து விடுவித்தார். மற்றவர் தூண்டிற்கோலைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உடன் சென்றார். கரையில் குந்தியிருந்து, மீன் நிற்குமிடத்தைச் சுட்டிக்காட்டுவதே அவர் பணி. அவரின்றிப் பெரியவர் போகவும் விரும்பவில்லை.

ஏப்ரல் இறுதியில் ஒருநாள் மேகம் மூடியிருந்தது. பூச்சிகள் புகைபோல் எழுந்தன. நீரெங்கும் வளையங்கள். பெரியவர் பெட்டியிலிருந்து ஓர் ஈயை எடுத்துத் தூண்டில் தொடாதவரின் உள்ளங்கையில் வைத்தார். சிறகும் நூலும் இருந்தன. முள்ளின் வளைவு மட்டும் வெட்டப்பட்டிருந்தது. அவ்வூரில் சிலர் இவ்வாறு முள்ளில்லாமலும் வீசுவதுண்டாம். "இது யாரையும் பிடிக்காது. மேலே வரச் செய்யும், அவ்வளவுதான்" என்றார். கோலை அவர் கையில் கொடுத்தார். ஐந்தாறு வீச்சுக்குப்பின் ஈ பெரியவர் சொன்னபடியே தானாக மிதந்தது. கல்லின் நிழல் அசைந்தது. மீன் எழுந்து, ஈயை வாயில் வாங்கி, பொய்யென்று கண்டு துப்பிவிட்டு, தன் இடத்துக்கே திரும்பி நின்றது. நம்மைப் பார்த்தும் ஓடவில்லை. கடற்கரையில் பிறந்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஓடை உயர்ந்து தேநீர் நிறமாயிற்று. கரைப் புல் இடுப்புக்கு வளர்ந்தது. தாழ்ந்து தெளிந்த நீரின் நாட்கள் ஆண்டில் சிலவே என்றும், புழு கோத்துப் பிடிப்போருக்கு இனிக் கொண்டாட்டம் என்றும் பெரியவர் சொன்னார். மேல்சரிவுகளில் புதிதாக உழப்பட்ட வயல் ஒன்றிலிருந்து செம்மண் கோடு ஒன்று வாய்க்கால்வழி இறங்குவதை அவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். அந்த வயலுக்கு உரியவரின் வீடு எது என்று எங்களுக்குக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தித்துப் பேசப்போவதாகவும், தம் பாட்டனாரின் பழைய ஒப்பந்தத் தாளையும் எடுத்துச் செல்லப்போவதாகவும் சொன்னார்.